விளையாட்டுக் கடையின் விலையும் கொசுறும்

காய்கறி வாங்கி முடித்ததும் கொசுறாக இரண்டு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கேட்டுப் பெறுவது நம்மவர் வழக்கம். பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர்கள், மொழி பழகாத சந்தையிலுங்கூட, சைகையினாலேயே அதனைப் பெற்றுவிடுகிறார்கள். கொசுறில் ஒரு விசேஷம் உண்டு. கைக்கு வந்த அக்கணமே அது நம்முடையதாகிவிடுகிறது. கடைக்காரர் அதற்குக் கெடு விதிப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று வீடியோ விளையாட்டு வாங்குகின்ற கடைகளிலும் கொசுறு உண்டு. ஆனால் அது வேறு வகை. அந்தக் கடைகளின் விலை எவ்வாறு அமைகிறது, அவை அளிக்கும் கொசுறின் மதிப்பு எவ்வளவு என்பதைக் குறித்தே, நேயர்களே, இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வீடியோ விளையாட்டு ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்குக் கன்சோல் என்று பெயர். இத்துறையில் முன்னிற்பவை மூன்று நிறுவனங்கள்: ஜப்பானைச் சேர்ந்த நின்டெண்டோ, சோனி, அமெரிக்காவைச் சேர்ந்த மைக்ரோசாப்ட். முற்காலத்தில் விளையாட்டு என்பது கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்து வரும் ஒரு பொருளாக இருந்தது. தட்டாகவோ கார்ட்ரிட்ஜாகவோ வரும். இப்போது கன்சோலுக்கு உள்ளேயே ஒரு கடை திறந்திருக்கிறது. பணத்தைச் செலுத்தினால் விளையாட்டு இணையத்தின் வழியே வந்து இறங்கிவிடுகிறது. வசதியில் இதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் உரிமை இங்கே இல்லை. கருவியைச் செய்தவரே கடையும் நடத்துகிறார்; பிறர் செய்த விளையாட்டு அங்கே விற்றாலும் விலையில் வழக்கமாக நூற்றுக்கு 30 பங்கு கடைக்குப் போகிறது. முன்பெல்லாம் சில்லறை வியாபாரிகளும் சோனியின் டிஜிட்டல் விளையாட்டுகளுக்குரிய குறியீட்டுச் சீட்டுகளை விற்று வந்தனர். 2019 ஏப்ரலில் சோனி அதனை நிறுத்திவிட்டது. போட்டியை ஒழித்ததால் விலை உயர்ந்தது என்று கூறி, 2021இல் அமெரிக்க வாடிக்கையாளர் சிலர் நீதிமன்றத்துக்குச் சென்றனர்.

விலையின் போக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் பெரிய விளையாட்டுகளின் விலை 2005ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் 60 டாலரிலேயே நின்றது. 2020இல் 70 டாலராயிற்று. 2025 ஜூனில் நின்டெண்டோவின் ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ 80 டாலருக்கு வந்தது. மைக்ரோசாப்டும் ஒரு விளையாட்டுக்கு 80 டாலர் என்று அதே ஆண்டில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் 70 டாலருக்கு இறங்கி வந்தது. இந்தியாவில் சோனி தன் புதிய விளையாட்டுகளுக்கு 2020-21இல் வைத்த விலை 4,999 ரூபாய். அன்றைய நாணய மாற்று விகிதப்படி அமெரிக்க விலைக்கு அது ஏறக்குறைய சமமே. சம்பளங்கள் சமமல்ல என்பதை நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை. சென்னையிலிருந்து புனேக்கோ குருகிராமத்துக்கோ மாற்றலாகிச் செல்பவருக்கு இதில் எந்த மாறுதலும் இல்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே கடை, ஒரே விலை. நாட்டை விட்டே செல்பவர் கதை வேறு. மைக்ரோசாப்ட் கணக்கில் இந்தியாவில் போட்டு வைத்த பணம், கணக்கை வேறு நாட்டுக்கு மாற்றும்போது கூட வருவதில்லை.

பெட்டி இல்லை, லாரி இல்லை, கடை வாடகை இல்லை. அப்படியிருக்க டிஜிட்டல் விளையாட்டு ஏன் மலிவாக இல்லை என்று கேட்பது நியாயமே. ஜப்பானில் ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ கார்ட்ரிட்ஜாக 9,980 யென்னுக்கும் டிஜிட்டலாக 8,980 யென்னுக்கும் அறிவிக்கப்பட்டது. ஆகவே விலை வித்தியாசம் வைக்க இயலாது என்பதில்லை. அதே விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தபோது இரண்டுக்கும் ஒரே விலைதான்.

குறைத்து விற்பதற்குப் பதிலாகக் கடைகள் கண்ட வழிதான் கொசுறு. இதற்கு நின்டெண்டோவின் ‘தங்கப் புள்ளி’ நல்ல உதாரணம். அமெரிக்காவில் டிஜிட்டலாக விளையாட்டு வாங்கினால் விலையில் நூற்றுக்கு 5 வீதம் புள்ளிகள் கணக்கில் ஏறும்; ஒரு புள்ளி ஒரு சென்ட்டுக்குச் சமம். கார்ட்ரிட்ஜாக வாங்கினால் நூற்றுக்கு 1 மட்டுமே. 60 டாலர் விளையாட்டுக்கு 300 புள்ளிகள், அதாவது 3 டாலர். இப்படி 20 விளையாட்டுகள் வாங்கினால் 21ஆவது இலவசம் என்று கணக்கு வருகிறது. செலவு 1,200 டாலர். புள்ளிகளுக்கு ஆயுள் 12 மாதந்தான் என்பதால், அந்த இருபதையும் ஏறக்குறைய ஓராண்டுக்குள் வாங்கி முடிக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு பெரிய விளையாட்டு ஆடி முடிக்கின்ற பிள்ளை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையாக இருப்பது அரிது!

நூற்றுக்கு 5, நூற்றுக்கு 1 என்ற அந்த வேறுபாட்டைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை வாங்குபவர் பிற கடைக்காரருக்கும் லாபம் கொடுக்கிறார். ஆடி முடித்தபின் அதனைப் பிறருக்கு விற்கவும் செய்கிறார். டிஜிட்டலாக வாங்குபவரால் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. ஆகவே அந்தப் புள்ளிகளை அன்பளிப்பு என்பதைவிட, வாடிக்கையாளரை ஒரு வாசலிலிருந்து மற்றொரு வாசலுக்குத் திருப்புவதற்குக் கொடுத்த கூலி என்று கூறுவதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். 2025 மார்ச்சு மாதத்தோடு இத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதன்பின் வாங்கியவற்றுக்குப் புள்ளி இல்லை. முன்பு சேர்ந்தவை தத்தம் கெடு வரையில் செல்லும் என்று விடப்பட்டன. 2022இல் தொடங்கிய சோனியின் ‘பிளேஸ்டேஷன் ஸ்டார்ஸ்’ திட்டமும் நீண்ட நாள் நிற்கவில்லை. 2025இல் அதனை முடிக்கப்போவதாக அறிவித்து, சேர்த்த புள்ளிகளைச் செலவிட 2026 நவம்பர் 2 வரை தவணை கொடுத்தார்கள்.

இதற்கு முன் பணமே புள்ளி வடிவில் இருந்த காலமும் உண்டு. மைக்ரோசாப்டின் கடையில் 2005 முதல் 2013 வரை விலைகள் டாலரில் எழுதப்படவில்லை. 80 புள்ளிகளுக்கு ஒரு டாலர் என்று முதலில் புள்ளிகளை வாங்கி, பிறகே பொருளை வாங்க வேண்டும். எண்பதால் வகுத்துப் பார்க்கின்ற பொறுமை விளையாடும் ஆவலில் இருக்கும் சிறுவனுக்கு ஏது? நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோலிலும் இவ்வாறே தனிப் புள்ளிகள் வழங்கின. 2018 மார்ச்சில் அப்புள்ளிகளின் விற்பனையை நிறுத்தினார்கள். 2019 ஜனவரி 30 அன்று கடையையே மூடினார்கள். அதற்குள் செலவிடாத புள்ளி செல்லாக்காசாயிற்று.

கடை மூடினால் வாங்கிய பொருளின் கதி என்ன? ஏற்கெனவே கருவியில் இறக்கி வைத்த விளையாட்டுகள் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும். ஆனால் நிறுவனத்தின் கணினியோடு ஓயாது தொடர்பு கொண்டிருக்க வேண்டிய விளையாட்டுகளுக்கு அந்த உறுதி இல்லை. யூபிசாப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப்பந்தய விளையாட்டின் தொடர்பை 2024 மார்ச்சு 31 அன்று துண்டித்தபோது, காசு கொடுத்து வாங்கியவர் எவரும் அதனை ஆட முடியாமற் போயிற்று. தட்டாக வாங்கியவர்க்கும் அதே கதிதான். இத்தகைய விற்பனையில் நாம் பெறுவது பொருளன்று, உபயோகிக்கும் அனுமதி மட்டுமே. அதனை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ தள்ளுபடியைக் கவனித்தது. விலை குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்தது. விலையை முதலில் ஏற்றிப் பின் குறைப்பது பண்டிகைக் காலத் துணிக்கடைகளுக்கு மட்டும் தெரிந்த வித்தை அன்றே!

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். தில்லியில் உள்ள நேயர்கள் பாலிகா பஜாரை அறிவார்கள். பழைய விளையாட்டுத் தட்டுகளை வாங்கி விற்கும் கடைகள் அங்கே உண்டு. 4,999 ரூபாய்த் தட்டை ஆடி முடித்துப் பாதி விலைக்கு விற்க முடிந்தாலும் சுமார் 2,500 ரூபாய் கைக்கு வரும். நூற்றுக்கு 5 வீதம் புள்ளி என்றால் அதே விலைக்குக் கிடைப்பது 250 ரூபாய்தான். சோனியின் ஐந்தாவது பிளேஸ்டேஷன் 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது, தட்டுச் செருகும் கருவிக்கு 49,990 ரூபாயும் தட்டு வசதி அற்ற டிஜிட்டல் கருவிக்கு 39,990 ரூபாயும் விலை வைத்தார்கள். இந்த 10,000 ரூபாய் வித்தியாசம், நான்கு தட்டுகளைப் பாதி விலைக்கு விற்ற அளவில் தீர்ந்துவிடுகிறது. டிஜிட்டல் கடையில் அவ்வப்போது பெருந்தள்ளுபடி வரும் என்பது மெய்யே. புதிதாக வந்த உடனே வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்காமல் சில மாதம் காத்திருந்தால் அதனாலும் பணம் மிஞ்சும். 2023இல் வெளிவந்த மெலிந்த வடிவத்துக் கருவியாயின், தட்டுப் பெட்டியைப் பின்னால் தனியே வாங்கிப் பொருத்தவும் வழி உண்டு. ஆடி முடித்த தட்டுகளில் ஒன்றைக்கூடப் பிரிய மனமின்றி அலமாரியில் அடுக்கி வைக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும், மேலே சொன்ன கணக்கு பலிக்காது.