ஒரே வரி, இரண்டு தடவை!
(ப்ளூஸ் பாடப் பழகுவோமா?)



'ப்ளூ' என்றால் நீலம் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு மனக்கவலை என்றும் பொருள் உண்டு. ப்ளூஸ் என்ற பாட்டு வகைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் வளர்த்த பாட்டு இது. 1865-ல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் பருத்திக் காட்டில் பங்குக்கு உழைத்த பலருக்குக் கடன் தீரவே இல்லை. நிலக்காரரை எதிர்த்து நேரில் பேசினால் உயிருக்கே ஆபத்து. மனசுக்குள் அடைத்து வைத்ததைப் பாட்டில் சொன்னார்கள். வேலைப் பாட்டும், வயலில் கூவி அழைக்கும் குரலும், தேவாலயப் பாட்டும் கலந்து ப்ளூஸ் உருவானது.

பாட்டின் அமைப்பு எப்படி?

பெரும்பாலும் மூன்று வரிகள்தான். முதல் வரியே இரண்டாம் வரியாகத் திரும்ப வரும். மூன்றாம் வரி அதற்குப் பதில் சொல்லும். பழகுவதற்காக நானே ஒன்று எழுதினேன்:

ரயில் போயிடுச்சு, ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடக்கு;
ரயில் போயிடுச்சு, ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடக்கு;
கையில டிக்கெட் இருக்கு, ஏறத்தான் எடம் இல்ல.

ஒரு வரிக்கு 16 தட்டு, மூன்று வரிக்கு 48 தட்டு. நான்கு தட்டு சேர்ந்தது ஒரு 'பார்'. அதனால் இதை 12 பார் ப்ளூஸ் என்கிறார்கள்.

நான் பழகும் முறை:

1. காலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு, முதலில் வரியைச் சும்மா பேசிப் பார்ப்பேன். பேசும்போது எந்தச் சொல் அழுந்துகிறதோ, பாடும்போதும் அதுவே அழுந்த வேண்டும்.

2. 16 தட்டையும் குரலாலேயே நிரப்பக் கூடாது. பாதியிலேயே வரியை முடித்துவிட்டால், மீதி இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். கிட்டார் இல்லையா? வாயை மூடி முனகினால் போதும்.

3. பாட்டு கற்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் குரலை வழுக்கவிடுங்கள். 'ப்ளூ நோட்' எனப்படும் சுரங்களில் இது ஒன்று. உருக்கம் வருவது இந்த வழுக்கலில்தான்.

4. கரகரப்பு வேண்டும் என்று தொண்டையை இறுக்காதீங்க. தொண்டை கட்டிக்கும். மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள்.

அப்படின்னா அழுதுகிட்டே பாடணுமா? கூடவே கூடாது! பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகியைக் கேளுங்கள். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்து, சட்டனூகா நகரத் தெருக்களில் பாடியவர். 1923-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. 'ப்ளூஸ் பேரரசி' என்று பெயர் பெற்றார். அவர் குரலில் கெஞ்சல் இல்லை. 'எனக்கு நடந்தது இதுதான்' என்று நிமிர்ந்து நின்று சொல்கிற குரல் அது.

இரண்டாம் வரியின் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் தடவை நடந்ததைச் சொல்கிறோம். இரண்டாம் தடவை, அது உண்மைதான் என்று உறுதியாகச் சொல்கிறோம். சொற்கள் மாறாது, அழுத்தம் மாறும். யாரும் காது கொடுக்காத மக்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதுமா?

இன்று மாலையே ஒரு வரி எழுதி, இரண்டு தடவை பாடிப் பாருங்கள் நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி