மலைமேல் ஒரு கணிப்பொறிக் கூடம்: படிம மென்பொருளைத் தேர்வது எங்ஙனம்?

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வியந்து பாடுகிறார். அம்மலையில் இன்று கணிப்பொறிகளும் புகுந்துள்ளன. மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் கடை, கூட்டுறவுச் சங்கம், உண்டு உறைவிடப் பள்ளி போன்ற சிறு அமைப்புகளுக்கு ஐந்தோ பத்தோ கணிப்பொறிகள் போதும். ஆயினும் அவற்றுள் ஒன்று பழுதுற்றால் வரும் இடர் சிறியதன்று. பழுது நீக்குவோர் சமவெளியிலிருந்து காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரவேண்டும். அதுவரை, தொலைவான சிற்றூரிலிருந்து கடன் பெற வந்த உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

இவ்விடரைக் குறைக்க உதவுவதே வட்டுப் படிமம். ஒரு கணிப்பொறியில் இயங்குதளம், செயலிகள், அச்சுப்பொறி அமைப்புகள் யாவற்றையும் செம்மையாக நிறுவி, அதன் வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து வைப்பர். பழுது நேரின் அப்படிமத்தை மீண்டும் இறக்கினால், அரைநாள் வேலை அரைமணியில் முடியும். 1990களின் நடுவில் நியூசிலாந்தின் பைனரி ரிசர்ச் நிறுவனத்தில் பிறந்த கோஸ்ட் என்னும் மென்பொருளே இம்முறையைப் பரவலாக்கியது. அதனை 1998இல் சைமன்டெக் நிறுவனம் வாங்கியது.

இன்று பல மென்பொருள்கள் உள. மலைமேல் உள்ள சிறு அலுவலகம் எதனைத் தேர்வது? வசதிகளின் பட்டியலை ஒப்பிடுவதில் பயன் குறைவு என்பது நம் கருத்து. மழைநாளில் இணையம் அறுந்தபோதும் அது இயங்குமா? வல்லுநர் அல்லாத எழுத்தர் ஒருவர் அதனைக் கையாள இயலுமா? இவ்விரு வினாக்களே முதன்மையானவை.

பத்துக்குட்பட்ட கணிப்பொறிகளுக்குக் குளோன்சில்லா போதும் என்போம். தைவான் நாட்டின் உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய இக்கட்டற்ற மென்பொருளை ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கலாம், இணையம் வேண்டா. தட்டில் தகவல் உள்ள பகுதிகளை மட்டும் படியெடுப்பதால் படிமமும் சிறுக்கும். ஆனால் மூலத்தட்டைவிடச் சிறிய தட்டில் அதனை இயல்பாக இறக்க இயலாது. எனவே உள்ளவற்றுள் மிகச் சிறிய தட்டுடைய கணிப்பொறியிலேயே மூலப் படிமத்தை அமைக்க வேண்டும். இதனை அறியாது தொடங்கினால் முழு வேலையும் வீண்.

பள்ளிக் கூடத்தைப்போல ஒரே வகைக் கணிப்பொறிகள் இருபது முப்பது இருப்பின் ஃபாக் என்னும் மென்பொருள் ஏற்றது. இதுவும் இலவசமே. பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை நிறுவி அதனையே சேவையகமாக்கலாம். ஏனையவை வலைக்கம்பி வழியே படிமத்தைப் பெறும். கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வலையில் 20 ஜிகாபைட் படிமம் செல்ல ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். பத்துக் கணிப்பொறிகளுக்குத் தனித்தனியே அனுப்பின் நாலரை மணி நேரம். பல்முனைப் பரப்பு முறையிலோ ஒருமுறை அனுப்பியதை அனைத்தும் ஒருங்கே ஏற்கும். ஓரியின் அம்பை ஈண்டு நினைவுகூர்வது மிகையாகாது. மைக்ரோசாப்டின் சேவையகக் கருவிகள், அச்சேவையகத்தை முன்னரே வாங்கியோர்க்கன்றிப் பிறர்க்குச் செலவே.

மூலப் படிமத்தில் தமிழுக்கு இடம் ஒதுக்குவது இன்றியமையாதது. 1999இல் ஏற்பளிக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் ஒருங்குறி எழுத்துருக்களும் அதில் இருத்தல் வேண்டும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய ஆவணங்கள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடப்பதால் அவற்றையும் சேர்ப்பது நன்று. இல்லையேல் சங்கத்தின் பழைய தீர்மானங்கள் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும்.

உரிமச் சிக்கலும் ஒன்று உண்டு. கணிப்பொறியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம், ஒரே படிமத்தைப் பல கணிப்பொறிகளில் பரப்பும் உரிமையைத் தருவதில்லை. தொகுதி உரிமம் பெற்றோர்க்கே அவ்வுரிமை. பரப்புமுன் சிஸ்பிரெப் என்னும் கருவியால் மூலக் கணிப்பொறியின் தனி அடையாளத்தையும் நீக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணிப்பொறிகளுக்குச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நல்ல மாற்று. அதைப் படியெடுக்கத் தடையில்லை.

மிகப் பெரிய இழப்பு நேரும் இடம் வேறு. படிமத்தை இறக்குங்கால் தட்டில் முன்பிருந்த அனைத்தும் அழியும். ஆறு திங்களுக்கு முன் எடுத்த படிமத்தில் நேற்றைய கொள்முதல் கணக்கு எங்ஙனம் இருக்கும்? ஆகவே கணக்குகளை நாள்தோறும் வேறொரு தட்டில் படியெடுத்தல் வேண்டும். படிமத்தையும், பழுது நேருமுன்பே, உதிரித் தட்டு ஒன்றில் இறக்கிச் சோதிக்க வேண்டும். எந்த விசையை அழுத்துவது, எந்தத் தட்டைத் தெரிவு செய்வது என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் அருகிலேயே ஒட்டிவைப்பதும், பென்டிரைவின் இரண்டாம் படியைப் பேரேடுகள் உள்ள பெட்டியில் வைப்பதும் செலவில்லாப் பணிகள்.