பூட் ஆகாத கணினியும் ஒரு பென்டிரைவும்

"ஆன் ஆகுது. ஆனா உள்ள போகமாட்டேங்குது."

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட், பூன் லே பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் கணினிக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். விசிறி சுற்றுகிறது, தயாரிப்பாளரின் சின்னம் வருகிறது, அதற்கப்புறம் கருந்திரை. சிலருக்கு நீலத்திரை. மடிக்கணினியைக் கொண்டுவந்தவர் அடுத்து விசாரிப்பது பெரும்பாலும் கூலியைப் பற்றியல்ல. "அண்ணே, உள்ள இருக்கிற போட்டோ எல்லாம் போயிடுமா?"

வட்டே பழுதாகியிருந்தால் கதை வேறு. மற்றபடி படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பூட் ஆகாத கணினிகளில் பெரும்பாலானவற்றில் பழுதாவது, இயங்குதளத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் சிறு குறிப்புதான். அதைத் திருத்தியெழுத ஒரு பென்டிரைவும் அரைமணி நேரமும் போதும். ஆனால் கடைகளில் எளிதாகச் சொல்லப்படும் தீர்வு 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்பதாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் அது கடைசியில் கையிலெடுக்க வேண்டியது. முதலில் சொல்லப்படுவதற்குக் காரணம், கடைக்காரருக்கு அதில் யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதுதான்.

பொத்தானை அழுத்தும் கணத்தில் செயலிக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லில் எழுதப்பட்ட ஃபர்ம்வேரை மட்டுமே அது படிக்கும். ஃபர்ம்வேர் நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, வட்டில் பூட்லோடர் என்ற சிறு நிரலைத் தேடும். பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும், கெர்னல் டிரைவர்களை எழுப்பும், அதன் பிறகுதான் கடவுச்சொல் கேட்கும் திரை. அஞ்சலோட்டம் போல ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் மாறுகிறது. பழுதுபார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது, கோல் எந்தக் கைமாற்றத்தில் விழுந்தது என்பதை. சின்னமே வரவில்லை என்றால் வன்பொருளைப் பார்க்க வேண்டும். சின்னம் வந்து 'பூட் சாதனம் இல்லை' என்றால் பூட்லோடர். வட்டம் சுற்றிவிட்டு நீலத்திரை வந்தால் கெர்னலோ டிரைவரோ.

பயோஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் இந்த ஏற்பாடு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. வட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் '55 ஏஏ' என்ற அடையாளத்துக்கு. அந்த அடையாளம் இல்லையென்றால் பல பயோஸ்கள் அந்த வட்டிலிருந்து பூட் ஆகவே முயலாது. இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். அந்தக் கணக்கில் 446 பைட்டுக்குள் இருபது தமிழ்ச் சொற்கள் தேறுவதே கடினம். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் அட்டவணையில் நான்குக்குத்தான் இடம். '2 டிபிக்கு மேல் வட்டைக் கையாளாது' என்ற பழைய தொல்லையும் இங்கேதான் பிறந்தது. 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெயின் என்ற முதல் பிசி வைரஸ் குடியேறியதும் ஃபிளாப்பியின் இந்த முதல் செக்டரில்தான்.

(சீகேட் நிறுவனம் 1982-ல் சிங்கப்பூரில் ஆலை தொடங்கியதை அடுத்து, ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் இந்தத் தீவு உலகிலேயே முன்னணிக்கு வந்தது. அந்தக் காலத்துப் பிசிக்களில் பல, சிங்கப்பூரில் தயாரான வட்டின் முதல் செக்டரைப் படித்துத்தான் தினமும் கண்விழித்தன.)

இந்த 446 பைட்டைப் பற்றித் தெரியாமலே அதனுடன் மல்லுக்கட்டிய ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சிடாக் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. ஆன் செய்தால் முதலில் ஒரு பட்டியல் வரும்: பாஸ் வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா? அந்தப் பட்டியலைக் காட்டுவது க்ரப் என்ற பூட்லோடர். எரிக் போலின் 1995-ல் எழுதத் தொடங்கி, பின்னர் குனூ திட்டத்துக்குள் வந்த நிரல். இன்று ஜூரோங்கின் கப்பல் பட்டறைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களில் சிலருக்காவது கையில் கிடைத்த முதல் கணினி அதுவாக இருந்திருக்கும்.

பிரச்சினை இரண்டு வழிகளில் வந்தது. யாராவது விண்டோஸை மறுபடி நிறுவுவார்கள். விண்டோஸ் அந்தக் காலத்தில் அக்கம்பக்கம் பார்க்காது. முதல் செக்டரில் தன் நிரலை எழுதிவிடும். பட்டியல் மறைந்துபோகும். 'பாஸ் அழிஞ்சுபோச்சு' என்பார்கள். உண்மையில் அது வட்டில் ஒரு பைட்கூடக் குறையாமல் கிடக்கும், அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

இரண்டாவது வழி இன்னும் மோசம். லினக்ஸ் பார்ட்டிஷன் இடத்தை அடைக்கிறது என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே அதை நீக்குவார்கள். உடனே எதுவும் ஆகாது. அடுத்த முறை ஆன் செய்யும்போது கருந்திரையில் 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ>' என்று ஒரு வரி, துடிக்கும் கர்சர். விண்டோஸும் போய்விட்டது போலத் தோன்றும்.

நடந்தது இதுதான். 446 பைட்டுக்குள் க்ரப் முழுவதும் அடங்காது. அதன் முதல் துண்டு முதல் செக்டரில். இரண்டாம் துண்டு அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில். பட்டியல் காட்டும் பகுதியோ லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் என்ற ஃபோல்டரில். கடைசித் துண்டை நாமே அழித்துவிட்டோம். மீதி இரண்டும் வழக்கம்போல் எழுந்து, மூன்றாவதைத் தேடி, கிடைக்காமல், நம்மிடமே கேட்கின்றன. விண்டோஸ் நிறுவல் டிஸ்க்கைப் போட்டு, பழுதுபார்க்கும் பகுதியில் கமாண்ட் திரையைத் திறந்து, 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று ஒரு வரி அடித்தால் முதல் செக்டரின் நிரல் மாறி விண்டோஸ் திரும்பிவரும். லினக்ஸ் பார்ட்டிஷன் அழியாமல் க்ரப் மட்டும் வழிதவறி நின்றால், அந்த ரெஸ்க்யூ திரையிலேயே 'எல்எஸ்' அடித்து, கண்ணில் படும் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பூட் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' என்று இரண்டு வரி. பட்டியல் வந்துவிடும். அதைப் பார்த்த யாருக்கும் அதற்கப்புறம் கருந்திரை பயம் போய்விடும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய மனமில்லாதவர்களுக்காகவே பென்டிரைவிலிருந்து ஓடும் கருவிகள் வந்தன. சூப்பர் க்ரப்2 டிஸ்க் வட்டை அலசி, பூட் ஆகக்கூடிய எல்லாவற்றையும் பட்டியலிடும். எதையும் மாற்றாது, ஒருமுறை உள்ளே போக வழி மட்டும் காட்டும். அதனாலேயே முதலில் முயல வேண்டியது அது என்பேன். பூட்-ரிப்பேர் என்ற லினக்ஸ் கருவியில் 'பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம்' என்று ஒரு பொத்தான், ஒரே அழுத்தில் க்ரப்பை மறுபடி நிறுவும். வசதிதான். ஆனால் அது தரும் அறிக்கையைப் படித்துவிட்டு அழுத்துவது நல்லது. பார்ட்டிஷன் அட்டவணையே அழிந்துபோயிருந்தால் கிறிஸ்டோஃப் கிரனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க். வட்டு முழுவதும் நடந்து ஒவ்வொரு பார்ட்டிஷனும் தொடங்கிய தடயத்தைத் தேடி அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும். அதோடு வரும் ஃபோட்டோரெக் படங்களை மீட்டுத்தரும்; 'போட்டோ எல்லாம் போயிடுமா' என்று கேட்டவருடைய கவலைக்கே நேரான பதில். இவை எல்லாமே இலவசம்.

இப்போதைய கணினிகளில் அந்த 446 பைட் ஏற்பாடு இல்லை. பயோஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் வந்துவிட்டது, அதன் விதிகளை வகுக்கும் அமைப்பு 2005-ல் உருவானது. வட்டில் சில நூறு எம்பி அளவில் தனியாக ஒரு சிறு பார்ட்டிஷன், அதற்குள் ஒவ்வொரு இயங்குதளத்தின் பூட்லோடரும் சாதாரணக் கோப்பாக. எதை முதலில் ஓட்டுவது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவில். ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. ராட் ஸ்மித் உருவாக்கிய ரீஃபைண்ட் போன்ற பூட் மேலாளர்கள் அந்தச் சிறு பார்ட்டிஷனைப் படித்து, இருப்பதையெல்லாம் படத்தோடு காட்டுகின்றன. விண்டோஸ் பக்கம் கோப்பு கெட்டிருந்தால் 'பிசிடிபூட்' என்ற ஒரு கட்டளை புதிதாக நகலெடுத்து வைத்துவிடும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரம் பகல் 12:09-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு எதிர்பார்த்த உள்ளீடுகள் 21, மென்பொருள் கொடுத்தவை 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய் கெர்னல் விழுந்தது. விழுந்த கணினி மறுபடி எழும், எழும்போதே அந்த டிரைவரும் எழும், மறுபடி விழும். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. வீவக கார் நிறுத்துமிடங்கள் சிலவற்றில் தடுப்புகள் வேலைசெய்யவில்லை. இந்தியாவில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வாங்கிப் பறந்தவர்கள் உண்டு.

78 நிமிடத்தில், பகல் 1:27-க்கு, அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் கணினிகள் எழ நாள்கணக்கானது. காரணம் எளிது. திருத்தம் நெட்வொர்க் வழியாக வர வேண்டும்; இவை நெட்வொர்க்குக்குப் போவதற்கு முன்பே விழுந்தன. சில கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யும்போது, விழுவதற்கு முந்தைய நொடிகளில் திருத்தத்தை இறக்கிப் பிழைத்துக்கொண்டன. மேகக் கணினிகள் சிலவற்றுக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாகச் செய்தி வந்ததை மைக்ரோசாஃப்டே குறிப்பிட்டது. மற்றவற்றுக்கு ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. உலகமே நின்றதற்கு மருந்து, ஒரு கோப்பை டெலீட் செய்வது. பிறகு மைக்ரோசாஃப்ட் கொடுத்ததும் பென்டிரைவில் ஏற்றி ஓட்டும் கருவிதான்.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அலுவலகக் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி வட்டைப் பூட்டியிருந்தது. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும், ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கணினிக்கும் வேறு. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே நீலத்திரையில் நின்றால் என்ன செய்வது? வட்டைப் பூட்டுவது தவறு என்று சொல்லவரவில்லை. திருடனைத் தடுக்கும் பூட்டு பழுதுபார்ப்பவரையும் தடுக்கும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. எழாத கணினி தானே நெட்வொர்க்கைத் தொட்டுத் திருத்தத்தைத் தேடிக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது.

அந்தக் குழப்பம் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைசெய்தது. இரண்டு இயங்குதளமும் உள்ள கணினிகளுக்கு இந்தத் தடை போகாது என்றது மைக்ரோசாஃப்ட், போய்விட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு வரி வந்து கணினி அணைந்தது. பழுதுபார்க்கும் பென்டிரைவ்கள் பலவும் அதே தடையில் மாட்டின. அவற்றிலும் அதே பழைய பூட்லோடர்தானே.

இதன் வேர் செக்யூர் பூட். தான் நம்பும் சான்றிதழால் கையெழுத்தான பூட்லோடரை மட்டுமே ஃபர்ம்வேர் ஓடவிடும்; பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்து. லினக்ஸும் அந்தக் கையெழுத்தை வாங்கித்தான் பெரும்பாலான கணினிகளில் நுழைகிறது. கையெழுத்துக்கு அடிப்படையான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. அவற்றின் இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென நின்றுவிடாது. புதிய சான்றிதழைப் பெறாத கணினிக்குப் பூட் பகுதிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராமல் போகும்.

சிக்கல் பழைய மடிக்கணினிகளுக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாத மாடல்களில் லினக்ஸ் ஏற்றிக்கொடுக்கலாம்; அவை இன்னும் சில ஆண்டு ஓடும். புதிய சான்றிதழில் மட்டும் கையெழுத்தான பூட்லோடருடன் வரும் நிறுவல் பென்டிரைவை, ஃபர்ம்வேர் அப்டேட் நின்றுபோன மாடல் ஏற்க மறுத்தால், பயோஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைப்பதுதான் கைக்கெட்டும் வழி. அணைத்த மறுநொடி பழைய விண்டோஸ் பிட்லாக்கரின் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சாவி சேமிக்கப்பட்டிருக்கும். பயோஸைத் தொடுவதற்கு முன்பே கைபேசியில் அதைத் திறந்து பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.