வாங்கி வந்த ஆட்டக்காரர்களும் வாடிப்போன பட்டணமும்

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடைப் பக்கம் வந்து பாருங்கள். செம்பனைக் குலை வெட்டிய களைப்புத் தீரக் குளித்துவிட்டு, கைலி கட்டிக்கொண்டு நம்மவர்கள் வந்து அமர்ந்திருப்பார்கள். விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அதெல்லாம் இரண்டு நிமிடம்தான். பிறகு காற்பந்து! ஜே.டி.டி. குழு இந்த முறை எந்த நாட்டிலிருந்து யாரை வாங்கியிருக்கிறது, அவனுக்கு எந்தக் கால் வசம், வயது எத்தனை, பழைய ஆளை ஏன் அனுப்பினார்கள் என்று விடிய விடியப் பேசினாலும் தீராது.

அந்தப் பேச்சு கொஞ்சம் ஓயும் வேளையில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். "என்ன இருந்தாலும் ஜே.பி. பழைய ஜே.பி. இல்லீங்க, வாத்தியாரே!" என்பார். உடனே அந்தக் கதை ஆரம்பமாகிவிடும். எந்தத் துணிக்கடை மூடியது, எந்தப் பேரங்காடியில் பாதிக் கடைகளுக்கு இரும்புக் கதவு இறங்கிக் கிடக்கிறது, தீபாவளிக்கு முன்பெல்லாம் எப்படி நிற்க இடமிருக்காது...

இவை இரண்டும் வேறு வேறு பேச்சு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல என்று இப்போது தோன்றுகிறது. எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் பந்து. பெரியவர்களுக்கு 1985 நினைவிருக்கும். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூர் கோலாலம்பூரை 2-0 என்று வீழ்த்தி முதல் முறையாகக் கிண்ணத்தைக் கொண்டு வந்த ஆண்டு. எனக்கு நினைவிருப்பது 1991. அப்போது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். தோட்டத்து மண்டபத்தில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. அதன் எதிரே லயமே கூடியிருந்தது. சிலாங்கூரை 3-1 என்று ஜொகூர் வென்றது. அந்த ஆண்டு லீக் பட்டமும் நமக்கே! மறுநாள் பெரட்டில் கங்காணியே சிரித்த முகமாக நின்றார் என்று அப்பா பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழுவிலும் வாங்கி வந்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அப்பாஸ் சாட் ஒருவர். மூன்று ஆண்டு கழித்து, 1994இல், அதே அப்பாஸ் சாட் சிங்கப்பூர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஹாங்கிற்கு எதிரான இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்துக் கிண்ணத்தைப் பாலத்துக்கு அப்பால் கொண்டு போனார். தாத்தாவுக்கு ஒரே ஆத்திரம். "நம்ம சோத்தைத் தின்னுட்டுப் போனவன்!" என்றார். வாங்கி வந்தவர் ஒருநாள் போகத்தான் செய்வார் என்பது அவருக்கு விளங்கவில்லை. இன்றும் நம்மில் பலருக்கு விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு நீண்ட காலம் தேக்கம். 2012இல் இளவரசர் துங்கு இஸ்மாயில் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறு ஆண்டே குழுவின் பெயரும் நிறமும் நடைமுறையும் மாறின. ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் குழுவில் இருந்த டேனியல் குயிசா வந்தார். 2014இல் அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் வந்தார். சின்ன வயதில் மெஸ்ஸியே பார்த்து வியந்த ஆட்டக்காரர் அவர். பாவம், காயத்தினால் சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார். ஆனால் குழு திரும்பிப் பார்க்கவில்லை. 2014 தொடங்கி 2024-25 வரை லீக் பட்டம் ஒரு முறைகூடக் கை நழுவியதில்லை. 2015 அக்டோபரில் தஜிகிஸ்தானுக்கே போய் இஸ்திக்லோல் குழுவை 1-0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கொண்டு வந்தது. தென்கிழக்காசியாவில் அதற்குமுன் எந்தக் குழுவும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. இதையெல்லாம் பணம் மட்டும் செய்துவிடவில்லை. பயிற்சி, ஒழுங்கு, நல்ல திடல் எல்லாம் இருந்தன. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

இனிப் பட்டணத்துக்கு வருவோம்.

சம்பளம் போட்ட மறுநாள் ஜே.பி.க்குப் போவது எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம், 1911இல் எழுந்த கோயில். அம்மா முதலில் அங்கே போவார். பிறகு பூக்கடை, துணிக்கடை, நகைக்கடை. நகைக்கடையில் பார்ப்பது மட்டும்தான்! ஜாலான் டோபியில் 1937 முதல் நடக்கும் சலாஹுதீன் ரொட்டிக்கடையில் சுடச்சுடக் கறிபஃப் வாங்கித் தருவார் அப்பா. சலவைத் தொழில் செய்த நம்மவர்களால்தான் அந்தத் தெருவுக்கே டோபி என்று பெயர். ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் நடந்தால் பக்கத்திலேயே செகெட் ஆறு ஓடும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். பின்னாளில் அதற்குச் சிமென்ட் மூடி போட்டார்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். மாலையானதும் அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் நானும் லார்க்கின் போவோம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே திடலுக்குப் போய்விடலாம். 1964இல் கட்டிய திடல் அது. கையில் கச்சான் பொட்டலம். ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டு வீடு திரும்புவோம்.

பாருங்கள், ஒரே நாள், ஒரே பயணம். கோயில், கடை, பந்து மூன்றும் அதில் அடங்கியிருந்தன. பட்டணத்தைப் பட்டணமாக வைத்திருந்தது இப்படிப்பட்ட கூட்டந்தான்.

அது எப்படிக் கலைந்தது? ஒருவர் செய்த காரியமல்ல. 2008 டிசம்பரில் புதிய சுங்க, குடிநுழைவுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குமுன் சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து நடந்து வருகிறவன் நேரே கடைத்தெருவில்தான் கால் வைத்தாக வேண்டும். ஒரு சட்டையோ ஒரு கிலோ வெங்காயமோ வாங்காமல் போகமாட்டான். புதிய கட்டடம் வந்தபின் வாகனங்கள் மேம்பாலத்திலேயே ஏறி, 2012இல் திறந்த விரைவுச்சாலையில் பறந்துவிடுகின்றன. நடந்து வருகிறவர்களும் மேல்நடைபாதை வழியாகக் குளிரூட்டிய பேரங்காடிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். 2009இல் மாநில அரசு அலுவலகங்கள் கோத்தா இஸ்கந்தருக்குப் போயின. மதியச் சோற்றுக்கு இறங்கி வந்த அலுவலர் கூட்டமும் அதோடு போயிற்று. தெப்ராவ் பக்கம் பெரிய பெரிய அங்காடிகள் முளைத்தன. பிறகு தொற்றுநோய். 2020 மார்ச்சில் மூடிய பாலம் 2022 ஏப்ரலில்தான் முழுதாகத் திறந்தது. அந்த இரண்டு ஆண்டில் மூடிய கடைகளில் சில பிறகு திறக்கவே இல்லை.

இந்த வரிசையில்தான் பந்தும் வெளியேறியது. 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் சுல்தான் இப்ராகிம் அரங்கம் திறக்கப்பட்டது. நாற்பதாயிரம் பேர் அமரலாம். கூரையை வாழை இலை வடிவில் அமைத்திருக்கிறார்கள். நமக்கு அது போதாதா? முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சோறு போட்டுச் சாம்பார் ஊற்றத் தோன்றியது! அழகான அரங்கம், சந்தேகமே இல்லை. ஆனால் பழைய பட்டணத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே பேருந்தில் போய்விட முடியாது. கார் இருந்தால் போகலாம். மோட்டார் இருந்தால் அப்பாவும் ஒரு பிள்ளையும் போகலாம். அம்மாவும் மற்றப் பிள்ளைகளும்? தொலைக்காட்சிதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. லண்டனில் வெஸ்ட் ஹாம் என்றொரு குழு. நூறு ஆண்டுக்கு மேல் அப்டன் பார்க்கில் ஆடியது. பக்கத்திலேயே ஈஸ்ட் ஹாம். இலங்கைத் தமிழர் கடைகளும் முருகன் கோயிலும் உள்ள இடம். 2016இல் அந்தக் குழு ஒலிம்பிக் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய திடலை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். பந்தாட்ட நாளை நம்பியிருந்த அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வியாபாரம் படுத்தது. அங்கேயும் இப்படித்தான் ஒரு கடையில் உட்கார்ந்து புது ஆட்டக்காரனையும் பழைய தெருவையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஒட்டுக்கடை இளைஞர்கள் என்னை விடுவதில்லை. "வாத்தியாரே, நீங்க ரொம்பப் பழசு! இப்போ ஜே.பி.யில போய்ப் பாருங்க, கூட்டம் தாங்கல. புக்கிட் சாகார் ரயில் ஓட ஆரம்பிச்சா மணிக்குப் பத்தாயிரம் பேர் வருவான்," என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஜாலான் தான் ஹியோக் நீயில் பழைய கடைகளுக்குச் சுண்ணாம்படித்து, அழகழகான காப்பிக்கடைகள் வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே பட்டணம் செத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். யாருக்காகப் பிழைத்திருக்கிறது என்றுதான் கேட்கிறேன். அங்கே ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு எங்கள் ஒட்டுக்கடையில் நான்கு பேர் பசியாறிவிடலாம். பாலத்துக்கு அப்பாலிருந்து வரும் நாணயத்துக்கு அது மலிவு. நமக்கு அப்படியா?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இடதுகால்காரன். தோட்டத்துத் திடலில் முக்கால்வாசி செம்பனை நட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த மூலையில் அவன் பந்தை உருட்டுவதை நின்று பார்க்காதவர் கிடையாது. தன் பெயரைச் சொல்லமாட்டான். பிரேசில் ஆட்டக்காரர் பெர்க்சன் என்றுதான் சொல்லிக்கொள்வான். முறையான பயிற்சிக்கு அனுப்பினால் தேறுவான் என்று எனக்குத் தோன்றியது. பயிற்சி நடக்கும் இடமோ தொலைவு. அவன் அப்பா சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்தால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. தாய்க்கு மோட்டார் ஓட்டத் தெரியாது.

மூன்று மாதம் என் மோட்டாரில் வாரம் இருமுறை கூட்டிப் போனேன். மழை நாளில் இருவரும் நனைந்து திரும்புவோம். "சார், எத்தனை நாளைக்கு நீங்களே தூக்கிட்டுப் போவீங்க?" என்று அந்தத் தாய் ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆறாம் ஆண்டு முடிந்து பையன் இடைநிலைப் பள்ளிக்குப் போனான். பள்ளிப் பேருந்து வீடு சேர நாலு மணியாகிவிடும். பயிற்சி நின்றுபோயிற்று.

கடல் கடந்து ஆட்டக்காரர்களைத் தேடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. குழுவின் வேலை வெல்வது. ஆனால் ஒட்டுக்கடையில் அவர்கள் விலையைக் கணக்குப் போடும் நாம், அந்த மூலைத் திடலில் பந்து உருளும் சத்தத்தைக் கேட்டும் கேட்காமல் இருக்கிறோமே! நாலு வீட்டார் முறை வைத்துக்கொண்டு மோட்டாரில் ஏற்றிப் போயிருந்தால் அவன் பயிற்சி நின்றிருக்காது. நானும் அன்று அந்த நாலு வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அந்தக் குறை என்மேலும் உண்டு.

போன மாதம் அவன் அப்பாவுக்கு ஒருநாள் விடுப்புக் கிடைத்தது. "சார், பையன் லார்க்கின் திடலைப் பார்த்ததே இல்லையாம். நீங்களும் வாங்க," என்றார். மூவரும் போனோம். வெளிக் கதவு பூட்டியிருந்தது. கம்பி இடுக்கில் முகத்தை வைத்துப் பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டணத்துக்குப் போய் ராஜமாரியம்மனைக் கும்பிட்டு, தாய்க்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஜாலான் வோங் ஆ ஃபூக் முனைக்கு வந்தோம்.

"அப்பா, தினமும் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டான்.

"இந்த வழியா இல்லடா," என்றார் அவர். குடிநுழைவுக் கட்டடத்துக்கு ஏறிப்போகும் மேம்பாலத்தைக் கையால் காட்டினார். "அதோ, மேல. கீழ இறங்கி ஏழெட்டு வருஷம் ஆச்சு."