நாற்பது விழுக்காட்டில் அணைந்துபோகும் திறன்பேசி

மாணவர்களே, திரையில் 40 விழுக்காடு மின்னூட்டம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டுத் திறன்பேசி பட்டென்று அணைந்துபோனதுண்டா? மின்னூட்டியில் செருகிய மறுநொடி, ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் 38 விழுக்காட்டில் உயிர் பெற்று எழுந்ததுண்டா?

சாஆவில் என் அம்மாவின் திறன்பேசிக்கு இதுதான் நடந்தது. வாங்கிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தோம். மறுதொடக்கம் செய்யச் சொன்னார்கள், செய்தோம். மீண்டும் அணைந்தது. இரண்டாம் முறை அழைத்தபோது வேறொருவர் பேசினார். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை இன்னொருவர். அவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டு போங்கள், சரியாகிவிடும்" என்றார்.

அறிவியல் ஆசிரியரான நானும் யோசிக்காமல் அதைச் செய்தேன். பாட்டி இறப்பதற்கு முன் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அதோடு போயின. பிரதி எடுத்து வைக்கவில்லை. மறுநாள் மாலை 41 விழுக்காட்டில் திறன்பேசி மறுபடியும் அணைந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற மூன்றும் நினைவிருக்கும். தேர்வுக்காக மனனம் செய்தவைதான். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதுதானே அதன் சாரம்? தொழிற்சாலை அமைப்பு அதற்கு நேர்மாறானது. செயலிகள், அமைப்புகள், கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறது. பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. சேவை மையம் ஏன் அதையே முதலில் சொல்கிறது என்றால், அவர்களுக்கு அதில் செலவில்லை. பல நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது. உங்கள் படங்கள் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

எனக்கு இரண்டு கருதுகோள்கள் இருந்தன. ஒன்று, ஏதோ ஒரு செயலி கோளாறு செய்கிறது. மற்றொன்று, மின்கலம் பலவீனமாகிவிட்டது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் 'பாதுகாப்புப் பயன்முறை' என்று ஒன்று உண்டு. நாம் பதிவிறக்கிய செயலிகள் எதுவும் அதில் இயங்கா. திறன்பேசியோடு வந்தவை மட்டும் இயங்கும். எதுவும் அழியாது. பழுது செயலியால் என்றால், இந்த நிலையில் திறன்பேசி அணையக்கூடாது. மின்கலத்தால் என்றால், இதிலும் அணையும். மின்னூட்டியில் செருகியிருக்கும்போது மட்டும் அணையாது.

40 விழுக்காட்டில், கேமராவைத் திறந்து மின்னொளியோடு காணொலி எடுத்துப் பார்த்தேன். பாதுகாப்புப் பயன்முறையில் ஐந்து முறையில் நான்கு முறை அணைந்தது. அதே சோதனையை மின்னூட்டியில் செருகிக்கொண்டு செய்தபோது ஐந்து முறையும் அணையவில்லை. 80 விழுக்காட்டிலும் அணையவில்லை. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், விழுக்காடு எழுதி வைத்தேன்; அணைந்த தருணங்களை என் திறன்பேசியால் காணொலியாகவும் எடுத்தேன்.

40 விழுக்காடு மிச்சமிருக்கையில் ஏன் அணைய வேண்டும்? வீட்டுக் கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் குழாயின் உள்ளே துரு ஏறி வழி குறுகிவிட்டது. ஒரு குழாயை மட்டும் திறந்தால் பரவாயில்லை. குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் என எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் விழுந்துவிடும். மின்கலத்தின் உள்ளேயும் அப்படியொரு தடை உண்டு. ஐந்தாம் படிவ இயற்பியலில் அதை அகத்தடை என்று படிப்பீர்கள்.

கணக்காகவே பார்ப்போம். மின்கலத்தின் மின்னியக்கு விசை 3.7 வோல்ட், அகத்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவும் மின்னொளியும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், உள்ளே இழப்பு 0.2 வோல்ட். வெளியே கிடைப்பது 3.5 வோல்ட். மின்கலம் முதுமையடைந்து அகத்தடை 0.35 ஓம் ஆனால் இழப்பு 0.7 வோல்ட், கிடைப்பது 3.0 வோல்ட்தான். திறன்பேசிக்குக் குறைந்தது 3.2 வோல்ட் வேண்டுமென்றால் அது உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். அதே திறன்பேசியில் செய்தி படிக்க 0.3 ஆம்பியர் போதும் என்றால் இழப்பு ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே. அதனால்தான் அம்மா செய்தி படிக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, பேத்தியோடு காணொலி அழைப்பில் பேசும்போது மட்டும் அணைந்தது. லித்தியம் அயனி மின்கலத்தில் அகத்தடை வேகமாக ஏறுவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று வெப்பம். மூடிய காருக்குள் மதிய வெயிலில் திறன்பேசியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க.

இதே பழுது, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றையும் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறது. 2016-இல் ஐபோன் 6எஸ் பயன்படுத்திய சிலர், திறன்பேசி திடீரென அணைகிறது என்று புகார் செய்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் 10.2.1 என்ற மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டது. அணைவது குறைந்தது, ஆனால் பழைய ஐபோன்கள் மந்தமாயின. ஏன் என்று பயனர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பயனர், தம் ஐபோனின் மின்கலத்தை மட்டும் மாற்றிவிட்டு, முன்னும் பின்னும் வேகத்தை அளந்து பார்த்தார். வேகம் கூடியிருந்தது. ஒரே ஒரு மாறிதான்!

கனடாவின் டொரொன்டோவில் 'கீக்பெஞ்ச்' என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தம்மிடம் சேர்ந்திருந்த அளவீடுகளை மென்பொருள் பதிப்புவாரியாகப் பிரித்து வரைபடமாக்கினார். பழைய பதிப்பில் வரைபடத்துக்கு ஒரே உச்சிதான். 10.2.1-க்குப் பிறகு, குறைந்த வேகங்களிலும் புதிய உச்சிகள் முளைத்திருந்தன. அவர் அதை வெளியிட்டது டிசம்பர் 18. மின்கலம் பழையதானால் வேகத்தைக் குறைக்கிறோம் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது டிசம்பர் 20. டிசம்பர் 28-இல் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. வேகத்தைக் குறைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதிக மின்னோட்டம் இழுக்காமல் பார்த்துக்கொண்டால் திறன்பேசி அணையாது. அதைச் சொல்லாமல் செய்ததுதான் தவறு. பிரான்சில் 2020-இல் விதிக்கப்பட்ட 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதமும் பயனீட்டாளருக்குத் தெரிவிக்காததற்காகத்தான்.

சரி, சாஆவுக்கு வருவோம். நான்காவது அழைப்பில் முதலில் புகார் எண்ணைக் கேட்டு வாங்கினேன். பேசியவரின் பெயர், நேரம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டேன். கோபப்படவில்லை, அவர் கையில் இருப்பது ஒரு கேள்விப் பட்டியல், அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. பிறகு சோதனை அட்டவணையையும் காணொலிகளையும் வாங்கிய ரசீதையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மீண்டும் அழித்துப் பாருங்கள் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. ஜொகூர் பாருவுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். சனிக்கிழமை ஒன்று போனது.

அவர்கள் மறுத்திருந்தால்? நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனு செய்ய 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. திறன்பேசியை வாங்கியவர் உங்கள் அம்மாவோ அப்பாவோ என்றால் அவர்கள் மனு செய்ய வேண்டும். அட்டவணையை நீங்கள் தயாரித்துக் கொடுக்கலாம்.

நீங்கள் இந்தச் சோதனையைச் செய்வதானால் முதலில் படங்களையும் குரல் பதிவுகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். திறன்பேசியின் முதுகு உப்பியிருந்தால் சோதனை வேண்டாம். மின்னூட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், நேரே பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். மின்கலத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது.

அம்மாவின் திறன்பேசிக்குப் புது மின்கலம் கட்டணமின்றிக் கிடைத்தது. இப்போது 7 விழுக்காட்டிலும் பேத்தியோடு பேசுகிறார். அகத்தடையை அளக்கலாமே என்று பழைய மின்கலத்தைக் கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.