உஷார்! பெட்டை வான்கோழி சேவல் நடை போட்டால் கத்தியைத் தேடாதீர்கள், முட்டைக் கணக்கைத் தேடுங்கள்

போன தை மாதம், கச்சிராயபாளையத்தில் பெரியம்மா வீட்டுக் கொல்லை. நாலு பெட்டை வான்கோழிகள். சேவல் கிடையாது, அதைத் தீபாவளிக்கே விற்றாயிற்று. தவிடு பிசைந்து வைத்துவிட்டு நிமிர்ந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். நாலில் மூத்த பெட்டை, இறக்கை நுனி தரையில் உரச, வாலை விசிறியாக விரித்து, உடம்பை உப்பிக்கொண்டு மற்ற மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தது. அச்சு அசல் சேவல் நடை. ஒன்றின் முதுகில் ஏறவும் பார்த்தது.

"முட்ட வச்ச பொட்டடா இது. பொட்ட சேவலாட்டம் ஆடுனா குடும்பத்துக்கு ஆவாதுடா. இன்னிக்கே அறுத்துடு."

"இரு பெரிம்மா. இது கடைசியா எப்ப முட்ட வச்சிச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் தெரியாத பதிலால்தான். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்திலும் கல்வராயன் மலை ஊர்களிலும் கொல்லையில் நாலைந்து வான்கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வாலை விரிப்பது சேவலுக்கு மட்டும் எழுதி வைத்த உரிமையல்ல. சேவல் இல்லாத கூட்டத்தில் யார் பெரியவர் என்ற போட்டி பெட்டைகளுக்குள்ளேயே நடக்கும். தலைமைப் பெட்டை வாலை விரித்துக் காட்டும், மற்றதை மிதிக்கும், முட்டையும் அது பாட்டுக்கு வைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டைக்கு ஒன்றுமில்லை. அதை விட்டுவிடுங்கள்.

சந்தையில் குஞ்சாக வாங்கி வந்து, இதுவரை ஒரு முட்டைகூட வைக்காதது திடீரென்று வாலை விரித்தால், அது பெரும்பாலும் பெட்டையே இல்லை. இரண்டு மூன்று மாதக் குஞ்சில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தவறும். வளர வளரத்தான் மூக்கின் மேல் தொங்கும் சதை நீள்வதும், நெஞ்சில் கருமுடிக் கற்றை முளைப்பதும் தெரியும். அந்தக் கற்றையும் முழு அத்தாட்சி ஆகாது, சில பெட்டைகளுக்கும் மெல்லிதாக வரும். எச்சத்தையும் பாருங்கள்: பெட்டையுடையது சுருண்டு கிடக்கும், சேவலுடையது நீளமாக, நுனி வளைந்து கிடக்கும்.

உஷாராக வேண்டியது மூன்றாவது வகைக்கு. நன்றாக முட்டை வைத்துக்கொண்டிருந்த பெட்டை. அடைக்கு உட்காரவில்லை, இறகு உதிர்க்கும் காலமும் இல்லை. முட்டை நின்றுபோய், அதன் பிறகு சேவல் குணம் வருகிறது என்றால், வயிற்றுக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

பறவைகளில் பெண்ணுக்கு வேலை செய்யும் சினைப்பை பொதுவாக ஒன்றுதான், இடது பக்கம். வலது பக்கம் இருப்பது வளராமல் நின்றுபோன மிச்சம். இடது சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன்தான் பெட்டையைப் பெட்டையாக வைத்திருக்கிறது. கட்டி வந்தோ, சீழ் பிடித்தோ அது கெட்டால் ஹார்மோன் வற்றும். வலது பக்க மிச்சம் விதை போல வளரத் தொடங்கலாம். குரல் மாறும், நடை மாறும், அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் இறகாகவே முளைக்கும். 1780-லேயே லண்டன் மருத்துவர் ஜான் ஹண்டர் ஆண் இறகு பூண்ட பெண் ஃபெசன்ட் பறவையைப் பற்றி விரிவாக எழுதினார். 1923-ல் எடின்பரோ ஆய்வாளர் எஃப். ஏ. ஈ. க்ரூ வெளியிட்ட ஆய்வில் வருவது இன்னும் அதிசயம்: முட்டையிட்டு வந்த ஒரு கோழி சேவலாக மாறிக் குஞ்சுகளுக்குத் தகப்பனாகவும் ஆனது. அறுத்துப் பார்த்தபோது சினைப்பை நோயில் சிதைந்திருந்தது. குஞ்சுவரை போவது மிக மிக அபூர்வம். சினைப்பை கெடுவது அபூர்வமில்லை.

இதில் சகுனம் எங்கே இருக்கிறது? அபசகுனம் என்ற பயம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. 1474-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவலை விசாரித்து எரித்தே விட்டார்கள். சகுனம் என்று அறுத்துப் போடுகிறவர் அதன் வயிற்றில் என்ன இருந்தது என்று பார்ப்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

பெரியம்மாவின் பெட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி கையில் குத்தியது. அடிவயிறு தண்ணீர் நிரப்பிய பை போலத் தளும்பியது. பத்து நாளில் செத்தது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்த கட்டியைக் காட்டிவிட்டு, நாங்கள் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்: "மத்த மூணும் ஒழுங்கா முட்டை வைக்குதா?"

வைக்கவில்லை. ஆடிய ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஆடாத மூன்றும் மந்தமாகி, சிறகு தொங்கிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. தீனி மூட்டையைப் பிரித்தோம். மக்காச்சோளம் கட்டிகட்டியாக ஒட்டி, முக்கல் நாற்றம் அடித்தது. சில மணிகளின் முளைப்பகுதியில் பச்சைப் பொடி.

மூத்ததன் கட்டிக்கும் இந்தப் பூஞ்சைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் மற்ற மூன்றும் போக இருந்தது இந்த மூட்டையால்தான். கள்ளக்குறிச்சி மக்காச்சோள பூமி. அறுவடை முடிந்து தார்ச்சாலை ஓரமெல்லாம் சோளம் காயும் நாளில்தான் மார்கழிப் பனியும் இறங்குகிறது. நல்லதை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, நனைந்ததையும் கறுத்ததையும் "கோழிக்கு ஆகும்" என்று ஒதுக்குகிறோம். ஆகாது! அந்தப் பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலை அரித்து முட்டையை நிறுத்தும். நாட்டுக்கோழி தாங்குகிற அளவை வான்கோழி தாங்காது. உலகம் இந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே வான்கோழியால்தான்: 1960-ல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுக்கப் போகாது. மனிதனையும் விடாது. 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்ட 106 பேர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சம் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது.

அந்த மூட்டையை அன்றே குழிதோண்டிப் புதைத்தோம். ஆட்டுக்கும் போடவில்லை, மாட்டுக்கும் போடவில்லை. வாயில் துணி கட்டிக்கொண்டுதான் கொட்டினோம். பெரியம்மா இப்போது கொல்லைச் சுவரில் ஒவ்வொரு முட்டைக்கும் கரிக்கோடு போடுகிறார். நீங்களும் போடுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம், சுவர் போதும்.

சேவல் குணம் வந்த பெட்டையைத் தனியாகப் பிரித்து வையுங்கள். வாரம் ஒருமுறை நெஞ்செலும்பைத் தொட்டு, அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். வயிறு பெருத்ததை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள், குழம்பும் வைக்காதீர்கள். ஊசி போட்டுப் பழையபடி பெட்டையாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். நாட்டுக்கோழியையும் வான்கோழியையும் ஒரே கொல்லையில் மேய விடுகிறவர்களுக்கு இன்னொன்று: கோழியின் குடற்புழு முட்டை வழியாக வான்கோழிக்குக் கருந்தலை நோய் வரும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரம்தான், தெரியும். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். சின்னசேலத்தைத் தாண்டினால் வரும் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பறவை செத்துவிட்டாலும் ஓடையில் வீசாமல், அழுகுவதற்குள் அறுத்துப் பார்க்கக் கொண்டுபோங்கள். போகும்போது அது தின்ற தீனியில் ஒரு கைப்பிடி துணியில் முடிந்துகொள்ளுங்கள்.