கடைமடையும் கணினியும்

பாபநாசம் அணை நிறைந்திருந்தும் திருவைகுண்டம் கால்வாய்களின் கடைமடை வயல்கள் காய்வதுண்டு. அப்போது தாமிரபரணி உழவர் கால்வாயின் அடைப்பைத் தேடிச் செல்வர். கணினியில் புதிதாகப் பொருத்திய வரைகலை அட்டை மந்தமாக இயங்கும்போதும் வழியையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

திரையின் வடம் அட்டையில் செருகப்பட்டுள்ளதா எனக் காண்க. தாய்ப்பலகையில் செருகியிருப்பின், செயலியுடன் அமைந்த எளிய வரைகலைப் பகுதியே படங்களை உருவாக்கும். புதிய அட்டை வாளாவிருக்கும். அடுத்து, மின்சாரத்தை நிறுத்தியபின், அட்டை முழுமையாகப் பதிந்துள்ளதா, அதற்குரிய மின்னிணைப்பு பொருந்தியுள்ளதா என நோக்குக. பின்னர், பழைய இயக்கி மென்பொருளை நீக்கி, அட்டைக்குரியதை நிறுவுக. வெப்பம் மிகுந்தால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆதலின் காற்றோட்டமும் இன்றியமையாதது.

ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் இயக்கிப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது விளங்கும். அவ்வாறு ஆராயாமல், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அட்டையைப் பழுதென ஒதுக்குவது, கால்வாயைத் தூர்வாராது அணையைப் பழிப்பதை ஒக்கும்.